பொட்டிக்குத் தைத்த சட்டை

வெளியே பூட்டிய வீட்டுக்குள் கோடை விடுமுறையைக் கழித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். எங்காவது சந்தித்துக்கொண்டால் இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அம்மாவும் அப்பாவும் பனியன் கம்பெனிக்குப் போவார்கள், பிள்ளை உள்ளே இருக்கும், கதவில் பூட்டுத் தொங்கும். திருப்பூரில் அந்த வருடங்களில் அது ஒரு செய்தியே இல்லை. ஆனாலும் முப்பதைத் தாண்டிய இந்த வயதிலும் பூட்டுச் சத்தம் கேட்டால் உங்களுக்கும் தோள்பட்டை கொஞ்சம் இறுகும் என்றே நினைக்கிறேன். எனக்கு இறுகுகிறது. பூட்டும் சத்தம்கூட இல்லை. பூட்டிய பின் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார்களே, அந்த இழுப்பு. அதில் கதவு முழுக்க அதிரும். பிறகு அம்மாவின் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போகும்.

நான் சொல்வது பத்தாவது பரீட்சை எழுதி முடித்த கோடையைப் பற்றி. எங்கள் வீட்டில் பத்தாவது வரை போன முதல் ஆள் நான். அப்பா மூன்றாவதோடு நின்றவர். கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. துணி விளிம்பு தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டைலர். இதைச் சொல்லும்போது அன்றைக்கும் எனக்குத் தலை நிமிரும். இன்றைக்கும் நிமிர்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

மங்கலம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு காம்பவுண்டில் இருந்தோம். தீப்பெட்டிகளை அடுக்கியது போல ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும். மேலே சிமெண்ட் அட்டை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரை வரை போகாது. ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி விட்டு நின்றுவிடும். பக்கத்து வீட்டுத் தாளிப்பு நம் வீட்டில் மணக்கும், நம் வீட்டுச் சண்டை அவர்கள் வீட்டில் கேட்கும். கக்கூஸ் வெளியே, எல்லோருக்கும் பொது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா கம்பெனியிலிருந்து ஓடிவந்து திறந்துவிடுவாள். அதுவரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். இந்தப் பழக்கம் உங்களில் யார் யாருக்கு இருந்தது என்று கேட்டால் கை தூக்குவீர்களா தெரியாது. நான் தூக்குகிறேன்.

அந்தக் கோடையில் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போவதா, கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போவதா? செக்கிங் என்றால் தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பது. மாமா, அம்மாவின் தம்பி, அதே கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்கு ஒரு மேசையே பார்த்து வைத்திருந்தார்.

"ஏனுங் மாமா, சைஸ் படிக்கத் தெரிஞ்சாப் பத்தாதுங்களா?" என்பார் அப்பாவிடம். "எம்மு, எல்லு, எக்ஸெல்லு. அதுக்கு மேல இங்கிலீசு படிச்சு அவ யாருகிட்டப் பேசப் போறா?"

"இரு மாப்ள," என்றார் அப்பா. "பொட்டி வாங்கிட்டு வந்துருக்கறேனல்ல. லீவுல கத்துக்கட்டும். மே மாசக் கடைசீல நீயே வந்து பாரு. கத்துருந்தாள்னா மேல படிக்கட்டும். இல்லாட்டி நீ சொல்றாப்டியே."

பொட்டி என்றது கம்ப்யூட்டரை.

அது கம்பெனி ஆபீஸில் கிடந்த பழையது. பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், பார்வையிட வருகிறார் என்று ஒரு மாதம் ஆபீஸையே புரட்டிப் போட்டார்களாம். கம்ப்யூட்டர்களில் இருந்த திருட்டு விண்டோஸை எல்லாம் அழித்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டார்கள். பையர் வந்து போன பிறகு புதுக் கம்ப்யூட்டர்களே வந்துவிட்டன. பழையதை வேண்டும் என்கிறவர்கள் எடுத்துப் போகலாம் என்றதும் அப்பா முதல் ஆளாக நின்றிருக்கிறார். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் சார் நல்ல மனுஷன், முன்கூட்டியே எச்சரித்தாராம்: "இதுல விண்டோஸ் இல்லீங்க. கேம் கீம் எதுவும் ஓடாதுங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அப்பா அதை எடுத்துக்கொண்டார். கேம் ஓடாத கம்ப்யூட்டர்! பிள்ளை படிக்கிற வீட்டுக்கு வேறென்ன வேண்டும்? மொபெட்டின் பின்னால் பனியன் துணியைச் சுற்றிக் கட்டி, வேகத்தடைகளில் இறங்கி இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.

முதல் தடவை போட்டபோது திரையில் ஒரு பென்குவின் வந்து உட்கார்ந்தது. அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, காக்காய்க்கு யாரு வெள்ளப் பனியன் மாட்டி உட்டது?"

"அது காக்கா இல்லீங்மா. பென்குவின். பனிப் பிரதேசத்துல இருக்கும்."

"பனில இருக்கறதுக்கு நம்மூரு வெயிலு ஒத்துக்குமா?" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அம்மாவின் பயம் வெயிலைப் பற்றியது இல்லை, பஞ்சைப் பற்றியது. கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகள் வீட்டுக்கு வரும். தையல் முனைகளில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பது என் வேலை. வெட்ட வெட்டப் பஞ்சு பறக்கும். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், இருமினால் வரும். இந்தப் பஞ்சு பொட்டிக்குள் போனால் கெட்டுவிடும் என்று அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் கம்பெனியில் மீந்த துணியில் கம்ப்யூட்டருக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சட்டை என்றால் சட்டையேதான். இடுப்பில் செருகியிருந்த நூலை எடுத்துப் பொட்டியின் நீள அகலத்தை அளந்து வைத்திருந்தாள் போலும். கருநீல இன்டர்லாக் துணி, கனமானது. விளிம்பெல்லாம் ரிப் என்கிற இழுவைப் பட்டி வைத்து இழுத்துப் பிடித்தது. பட்டனை அமுக்குகிற இடத்தில் மட்டும் கண் போல ஒரு சின்ன வெட்டு. பின்பக்கம் ஒயர்களுக்கு ஒரு சந்து. ஓரத்தில் சைஸ் லேபிள்கூட இருந்தது.

"எம்மு," என்றாள் அம்மா. "எல்லுன்னா தொளதொளன்னு இருக்கும்."

மாமாகூட அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அக்கா, இந்தத் தையல எந்த பையரும் ரிஜெக்ட் பண்ண முடியாதுங்க்கா," என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துபோனது. "ஆரும் கழட்டக் கூடாது, ஆமா!" என்று எனக்கு உத்தரவு.

பெரியப்பா மகன் ஒரு நாள் வந்தான். எனக்கு அண்ணன் முறை. பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் வாங்கியதாக ஒரு கார் ரேஸ் சிடி கொண்டுவந்து கொடுத்தான். "உனக்கே உனக்கு, வெச்சுக்க." அட்டையில் சிவப்புக் கார் ஒன்று நெருப்பிலிருந்து பாய்ந்து வரும். வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் சொந்தமாக வைத்திருந்த விளையாட்டு அதுதான். ஆவலோடு போட்டோம். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டியது, ஓடவில்லை. எதை அமுக்கினாலும் ஓடவில்லை. அண்ணன் பெருமூச்சு விட்டான்.

"உங்க பொட்டி சைவம் புள்ள. கறி போட்டாத் திங்காது."

அவன் போன பிறகு அந்தச் சிடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விளையாட்டு என்னுடையது, ஆனால் அதை விளையாட முடியாது. அதன் வெள்ளிப் பக்கத்தில் என் முகமும் சன்னல் கம்பியும் ஏழு நிறக் கோடுகளோடு தெரிந்தன.

கற்றுக்கொள்ளச் சொன்னார்களே தவிர யார் கற்றுத் தருவது என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. நானே கிண்டினேன். நான் தமிழ் மீடியம். திரையில் இருந்த இங்கிலீஷ் பாதி புரியாது. ஒரு நாள் பெயர் கேட்கும் முதல் பக்கத்தில் மொழிகளின் வரிசையைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏதேதோ எழுத்துகளுக்கு நடுவே "தமிழ்" என்று இருந்தது. அமுக்கினேன். பொட்டி முழுவதும் தமிழாகிவிட்டது. கோப்பு, தொகு, காட்சி, உதவி. நாம் யாரும் பேசாத தமிழ்தான், ஆனாலும் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து பார்த்தேன். கம்பெனி ஆபீஸில் குளிர் அறைக்குள் இருந்த பொட்டி, அத்தனை வருடமும் யாருக்கும் காட்டாத ஒன்றை எனக்குக் காட்டியதாகத் தோன்றியது.

அந்தத் தமிழ்ப் பட்டியலில்தான் கீழே "விளையாட்டுகள்" என்று இருந்தது.

சாருக்கே தெரியாமல் அங்கே ஒரு கூட்டம் இருந்தது. சீட்டு, கண்ணிவெடி, பனிமலையில் வயிற்றால் சறுக்கும் பென்குவின். எல்லாவற்றுக்கும் மேலாக, கலர் கலரான குமிழ்களை மேலே எறிந்து ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் உதிர்ந்துவிடும் ஒன்று. எறிவதற்கு அங்கேயும் ஒரு பென்குவின். காசு கொடுத்து வாங்காதது, திருடாதது, ஓடக்கூடியது. காலையில் எழுதிப் பழகுவேன், கணக்குப் போடும் பக்கத்தில் கூட்டல் பெருக்கல் செய்வேன், பிசிறு வெட்டுவேன். அப்புறம் குமிழ்.

"ஏட்டி, என்ன சத்தம் அது? டொப்பு டொப்புன்னு?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்து அறைக்காரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவளையும் அவள் அம்மா பூட்டிவிட்டுத்தான் போவார். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஊரில் எட்டாவதோடு நிறுத்திக் கூட்டி வந்துவிட்டார்கள். பையர்கள் வந்து வயது பார்ப்பதால் கம்பெனியில் இன்னும் எடுக்கவில்லை. ஜூனில் வயது நிறைந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் என் அம்மாதான் இரண்டு கதவையும் திறந்துவிடுவாள். வெளியே கக்கூஸ் வரிசையில் நின்று நாங்கள் முகம் பார்த்துக்கொள்வது அப்போது மட்டும்தான்.

"கேம்டி. குமிழ உடைக்கறது."

"எனக்கும் சொல்லேன். என்ன கலர் இருக்கு, எங்ஙன இருக்கு?"

சொன்னேன். மஞ்சள், மஞ்சள், பச்சை, ஓரத்தில் சிவப்பு. அவள் அங்கிருந்தே, "எடப்பக்கம் எறிட்டி," என்பாள். இரண்டு நாள் இப்படி ஓடியது. மூன்றாவது நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு இருந்தும் குருடி மாதிரி வெளையாடுதேன். எனக்குக் காட்ட ஒரு வழி பாரு."

சுவரில் ஏறி எட்டிப் பார்க்க அவளுக்கு அங்கே நாற்காலி எதுவும் இல்லை. வழி என் கையிலேயே இருந்தது. மேசைமேல் ஏறி, அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பால் அண்ணன் கொடுத்த அந்தக் கார் ரேஸ் சிடியைச் சுவருக்கு நேர் மேலே கூரைக் கட்டையில் ஒட்டினேன், வெள்ளிப் பக்கம் கீழே பார்க்கும்படி. திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். "இன்னும் சாய்", "ரொம்பச் சாச்சிட்ட", "ஒங்கூட்டுப் பானை தெரியுதுட்டி, கம்ப்யூட்டரைக் காணும்" என்று அவள் கத்தக் கத்தச் சரிசெய்தேன்.

"தெரியுதா?"

"ம்." பிறகு மெதுவாக, "தலைகீழாத் தெரியுது. குமிழு எல்லாம் கீழ விழுது. மழை மாதிரி இருக்குட்டி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கையகல வட்டத்துக்குள் அவள் நெற்றியும் இரண்டு கண்களும் தலைகீழாகத் தெரிந்தன. ஓடாத விளையாட்டு அன்றிலிருந்து இருவருக்குமாக ஓட ஆரம்பித்தது. கட்டளை அவளுடையது, கை என்னுடையது. தவறினால் திட்டு எனக்கு. நீலத்தை "நேவி", சிவப்பை "மெரூன்" என்று அவள் அம்மாவின் கம்பெனியில் சொல்வது போலவே சொல்வாள்.

மே மாதம் ஏற ஏற அட்டைக்கூரை அடுப்பாகிவிட்டது. மின்வெட்டு தொடங்கியிருந்த வருடம் அது. மின்விசிறி பாதி நேரம் நிற்கும். பொட்டியும் நின்றது. கொஞ்ச நேரம் ஓடும், உள்ளே ஏதோ உறுமும், பொட்டென்று அணைந்துவிடும். காத்திருந்து போட்டால் மறுபடி ஓடும். ஓடும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பழைய பொட்டி, அப்படித்தான் என்று நினைத்தேன். பஞ்சு போகாதபடி சட்டையை நன்றாக இழுத்துவிட்டேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். நான் காட்டுவதற்கு ஒரு பக்கம் தமிழில் எழுதி வைத்திருந்தேன். சைஸ் வாரியாகப் பீஸ்களைக் கூட்டிக் காட்டும் ஒரு கணக்கும் செய்து வைத்திருந்தேன், மாமாவுக்குப் பிடிக்கும் என்று. பொட்டியைப் போட்டேன். அப்பா ஈஸ்திரி போட்ட சட்டையோடு என் பின்னால் நின்றார்.

"அட, தமிழு!" என்றார் மாமா. "எங்க, நா படிக்கறேன் நவுரு." மவுஸை வாங்கிக்கொண்டு பட்டியலை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அலுவலகம். வரைகலை. அடுத்ததை முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வி-ளை-யாட்டு-கள். கேம் ஓடாதுன்னீங்களே மாமா? இங்க வண்டி வண்டியாக் கெடக்குதுங்க."

ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் அவர் அதைத் தாண்டிப் போயிருப்பார். அதில் ஒன்றை அமுக்கினார். பென்குவின் வந்து குமிழோடு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு மட்டும் தெரிந்தது. நான், "எழுதறதும் கத்துக்கிட்டேனுங் மாமா, இருங்க காட்டறேன்," என்று மவுஸை வாங்கக் கை நீட்டினேன். உறுமல் எழுந்தது. பொட்டி அணைந்துவிட்டது. எத்தனை தடவை அமுக்கியும் வரவில்லை.

அப்பா பொட்டியின் சட்டை மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "கொதிக்குது."

"வெளாண்டு வெளாண்டு சூட்டக் கெளப்பி உட்டுட்டா," என்றார் மாமா. குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. "நா ஒண்ணும் பொல்லாப்புச் சொல்லலீங்க. செக்கிங்னா ஃபேனுக்கு அடியில உக்காந்து பாக்கற வேலை. நாளைக்குச் சாயங்காலம் வந்து சேந்துக்கறதப் பத்திப் பேசறேன்."

அப்பா என்னைத் திட்டவில்லை. "கேம் இல்லாத பொட்டின்னுதானே கண்ணு எடுத்துட்டு வந்தேன்," என்று மட்டும் சொன்னார். யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி. அந்த யாரோ நானா, சாரா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு, "செரி மாப்ள," என்றார்.

திங்கட்கிழமை அம்மா கிளம்பும்போது பேசிக்கொண்டே போனாள். "எங்க கம்பெனிக்கு மறுக்கா பையர் வாராங்களாம். எமர்ஜென்சிக் கதவப் பூட்டவே கூடாதாம். வெள்ளக்காரங்க ஒண்ணொண்ணா இழுத்து இழுத்துப் பாக்கறாங்க. நீயும் வந்துட்டயின்னா தெரிஞ்சுக்குவ." சொல்லிக்கொண்டே கொண்டியை மாட்டினாள், பூட்டினாள், ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தேன். இனிமேல் கதவைத் திறந்துவிடுவார்கள், செக்கிங் மேசைக்காக. பள்ளிக்கூடத்துக்குத் திறக்க மாட்டார்கள்.

"ஏட்டி, அழுதியா?"

"இல்லை."

"கம்ப்யூட்டரைப் போட்டுப் பாரு."

போட்டேன். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. சட்டையைத் தொட்டேன். கேம் எதையும் நான் தொடவே இல்லை, ஆனாலும் கொதித்தது.

அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "இந்த வேக்காட்டுல நானே சிம்மீஸோட கெடக்கேன். அதுக்குக் குளிருக்குப் போடுத மாதிரி போட்டு வச்சிருக்கிய. மொதல்ல கழத்து."

கழற்றினேன். பின்பக்கமும் பக்கவாட்டிலும் வரிசையாகத் துளைகள்; ஒரு விரல் அளவுகூட விடாமல் சட்டை அத்தனையையும் மூடியிருந்திருக்கிறது. துளைகளுக்குள் பஞ்சு அப்பியிருந்தது. அம்மா வீட்டில் வைத்திருந்த மெஷின் திருப்புளியை எடுத்தேன்.

"ஒயரப் பிடுங்கிட்டியா? செத்துத் தொலைச்சிராத, எனக்கு வேற கேம் இல்ல."

பிடுங்கியிருந்தேன். பக்கத் தகடு கையோடு வந்தது. உள்ளே ஒரு குட்டி மின்விசிறி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விரலால் தள்ளினேன், சுற்றவில்லை. அதன் மேல் பஞ்சு படிந்து படிந்து கம்பளமாகியிருந்தது. மேலே கருநீலம், அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே மஞ்சள், அடியில் சாம்பல். கம்பெனி தைத்த நிறமெல்லாம் அடுக்கடுக்காக இருந்தது. ஓவர்லாக் மெஷினைத் துடைக்கும் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தேன். உரித்தபோது ஒரு துண்டு துணி போலவே வந்தது. மூடினேன். போட்டேன்.

மதியம் அம்மா வந்து திறந்தபோது அவசரத்தில் பொட்டியைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. மின்சாரம் இருந்த நேரம் முழுக்க அது ஓடிக்கொண்டே இருந்தது, சட்டை இல்லாமல், ஒரு தடவையும் அணையாமல்.

சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். மாமா கதவருகே நின்றபடியே, "என்னங்க, உசிரு வந்துருச்சாட்ட இருக்குது?" என்றார். மடித்து வைத்த சட்டையும், தட்டில் பஞ்சுக் கம்பளமும் மேசை மேல் இருந்தன. நாள் முழுக்க நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்: கெடுத்தது கேம் இல்லீங்க, இந்தச் சட்டைதான். அதைச் சொன்னால் பள்ளிக்கூடம் எனக்கு. அம்மா வெளியே நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். லேபிள் வைத்துத் தைத்தவள். நான் வாயைத் திறந்தேன். வாக்கியம் வரவில்லை.

அம்மா உள்ளே வந்து பஞ்சை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். "இந்தச் செவப்பு போன தீவாளிக்கு முந்துன ஆர்டரு," என்றாள் தனக்குத்தானே. பிறகு பொட்டியின் துளைகளைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"பஞ்சு அடச்சுருக்குதுங்க," என்றாள் அப்பாவிடம். "எம்பட மெஷினுக்கும் தொடைக்காம உட்டா இப்புடித்தான் சூடேறும். புள்ள பிரிச்சுத் தொடச்சிருக்கறா. வெளையாட்டுக்கும் சூட்டுக்கும் ஒண்ணுமில்லீங்க."

"பிரிச்சாளா?" என்றார் அப்பா. "ஆரு, இவளா?"

"பின்ன ஆரு? கதவுதான் வெளியில பூட்டிக் கெடந்துதே."

அப்பா பொட்டியைச் சுற்றிவந்தார். குனிந்து துளை வழியே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தார். அயர்ன் டேபிளில் ஆவி வருகிறதா என்று பார்ப்பது போலத் துளைக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். "மாப்ள," என்றார் நிமிராமலேயே, "பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவளக் கொண்டுபோயி ஓட்ட பாக்கற வேலைல உக்கார வெக்கறதா? போயிப் படிக்கட்டும் உடு."

மாமா தாடையைத் தடவினார். "படிச்சு முடிச்சு எங்க ஆபீஸ் ஏசி ரூமுக்கு வந்தா என்னையக் கண்டுக்கோணும், ஆமா!" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு.

மறுநாள் காலையில் எழுந்தபோது சட்டை மறுபடி பொட்டி மேல் இருந்தது. அம்மா எப்போது செய்தாளோ, துளைகள் வரும் இடமெல்லாம் அளந்து வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் ரிப்பை மடித்துப் பைப்பிங் போல ஓரம் பிடித்து, பிசிறு வராமல் கையாலேயே தைத்திருந்தாள். உள்ளே இருப்பது மூச்சு விட வேண்டும் என்று அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டிருந்தது. லேபிள் மட்டும் காணவில்லை. அதைப் பற்றி அவளும் நானும் இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைத் தைத்து முடித்த கையால் என் தலையைத் தடவிவிட்டு, அன்றைக்கும் அம்மா வெளியே பூட்டிக்கொண்டு போனாள்.

பள்ளி திறந்த அன்று காலை எங்கள் வரிசையில் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. நான் புதுச் சீருடையில் வந்தேன். அவள் சாப்பாட்டுத் தூக்கும் நூல் வெட்டும் கத்தரியும் பையில் வைத்துக்கொண்டு அவள் அம்மாவின் பின்னால் வந்தாள். கக்கூஸ் வரிசையின் அவசரமும் இல்லாமல், சிடிக்குள் தலைகீழாகவும் இல்லாமல், நேராக நின்றபோது அவள் என் சீருடையைப் பார்த்தாள், நான் அவள் தூக்கைப் பார்த்தேன்.

"நேவி வந்தா வலப்பக்கம் எறி," என்றாள் கடைசியில். "நீ எப்பவும் அவசரப்படுவ."

சாயங்காலம் நான்தான் முதலில் திரும்பினேன். அன்று காலை அம்மா சாவியை ஒரு ஓவர்லாக் நூலில் கோத்து என் கழுத்தில் போட்டுவிட்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பூட்டை நானே திறந்தேன். பொட்டியைப் போட்டு, பென்குவின் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். சிடி கூரையிலேயே இருந்தது. அதற்குள் பக்கத்து அறையின் சிமெண்ட் தரையும், சுருட்டி வைத்த ஒரு பாயும் தலைகீழாகத் தெரிந்தன. அவளுக்கு ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது. குமிழை எறிந்தேன். எங்கே எறி என்று யாரும் சொல்லவில்லை.

எழுந்து போய், அம்மா சொல்லாமலேயே, கதவை உள்பக்கம் தாழிட்டேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.